தேவாரம் பாடுற பிள்ளைக்கு 47ஆ?

தவணை முடிவில் புள்ளிப் பதிவேட்டைக் கூட்டிப் பார்த்தால் பல பாடசாலைகளில் ஒரு விசித்திரம் தெரியும். கணிதத்தில் 30, 40 என்று இழுபடும் வகுப்பு, சைவநெறியில் 80ஐத் தாண்டி நிற்கும். அதே பிள்ளைகள் தரம் 11 முடிவில் எழுதும் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் சைவநெறிக்கு ‘சி’ எடுத்துக்கொண்டு வரும்போது, "பேப்பர் கஷ்டமாம்" என்று ஆறுதல் சொல்லிக்கொள்வோம். பேப்பரில் பெரும்பாலும் பிழை இருப்பதில்லை. தரம் 6 முதல் ஆறு வருடம் நாங்கள் போட்டு வந்த புள்ளிதான் பிழை.

இலங்கைப் பாடசாலைகளில் சமயம் கட்டாய பாடம். பௌத்தம், சைவநெறி, கத்தோலிக்க திருமறை, கிறிஸ்தவம், இஸ்லாம் என்று பிள்ளையின் சமயத்துக்கு ஏற்பப் பாடநூலும் வினாத்தாளும் வேறுபடும். இங்கே சொல்லப்போவது சைவநெறி வகுப்பை வைத்து. மற்ற நான்கையும் கற்பிப்பவர்கள் தேவாரம் என்று வரும் இடத்தில் தங்கள் பாடத்துக்குரியதை வைத்து வாசிக்கலாம். கணக்கும் சிக்கலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

எதற்குப் புள்ளி, எதற்கு இல்லை

சைவநெறியில் அளக்கக்கூடியவை மூன்று. ஒன்று, பிள்ளைக்கு என்ன தெரியும்: நால்வர் (சம்பந்தர், அப்பர், சுந்தரர், மாணிக்கவாசகர்) வரலாறு, மும்மலம் (ஆணவம், கன்மம், மாயை), திருக்கேதீச்சரம், திருக்கோணேச்சரம் ஆகிய சிவத்தலங்கள். இரண்டு, பிள்ளையால் என்ன செய்ய முடியும்: பஞ்சபுராணம் எனும் ஐந்து பாடல்களை முறை தவறாமல் ஓதுவது, கோயில் அமைப்பை வரைந்து பெயரிடுவது. மூன்று, என்ன விளங்கியிருக்கிறது: ஏன், எப்படி, இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று தன் சொல்லில் சொல்வது. பக்தி என்று நான்காவது ஒன்றும் இருக்கிறது. அதை அளக்க எங்களிடம் கோல் இல்லை. இருந்தாலும் அது எங்கள் வேலையாகாது. 1978 அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, சமயச் சுதந்திரத்தை எல்லோருக்கும் கொடுக்கிறது. தரம் 8 பிள்ளைக்கும் மனச்சாட்சி உண்டு.

பக்தி புள்ளிப் பதிவேட்டுக்குள் நுழையும் வாசல் பெரும்பாலும் ஒரு சரிபார்ப்புப் பட்டியல்தான். "தினமும் திருநீறு அணிகிறேன். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறேன். மாமிசம் உண்பதில்லை. ஆம் / இல்லை." ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. கடற்கரைக் கிராமத்துப் பிள்ளை மூன்றாவது வரியில் ஒன்றில் பொய் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஒரு புள்ளியை இழக்க வேண்டும். அநேகமாகப் பொய்தான் சொல்லும். சமய பாடத்திலே பொய்க்குப் புள்ளி போட்டதாக முடியும்.

வினா சரியா பிழையா என்று பார்க்க ஒரு கேள்வி போதும்: சைவத்தைப் பாடமாக மட்டுமே படித்த வேறு சமயப் பிள்ளை இதற்கு முழுப் புள்ளி எடுக்க முடியுமா? முடியும் என்றால் வினாவை விடலாம். "நீ திருநீறு அணிகிறாயா?" இதில் தோற்றுவிடும். "திருநீறு அணியும்போது எந்த விரல்களைப் பயன்படுத்துவர், என்ன சொல்லி அணிவர்?" தேறிவிடும்.

தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டிகளில் கணிப்பீடு என்றும் மதிப்பீடு என்றும் இரண்டு சொல் வரும். ஆசிரியர் அறையில் இரண்டையும் ஒன்றாகவே புழங்குகிறோம். கற்பித்துக்கொண்டு போகும்போதே யாருக்கு எது விளங்கவில்லை என்று பார்ப்பது கணிப்பீடு. ஒரு கட்டம் முடிந்த பிறகு எந்த மட்டத்துக்கு வந்திருக்கிறது என்று தீர்ப்பது மதிப்பீடு. முதலாவதைச் செய்யாமல் இரண்டாவதை மட்டும் செய்தால் தவணைப் பரீட்சை மரண விசாரணை மாதிரி ஆகிவிடும். ஏன் என்று தெரியும், செய்வதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது.

வினாத்தாளுக்கு முன் ஒரு கணக்கு

வாரத்தில் 2 பாடவேளை, ஒவ்வொன்றும் 40 நிமிடம். 12 வாரத் தவணையில் தாளில் 24 பாடவேளை இருக்கும். முதலாம் தவணையில் இல்ல விளையாட்டுப் போட்டி, மூன்றாம் தவணையில் வாணி விழா, இடையில் கூட்டங்கள் என்று கழித்தால் கையில் நிற்பது 18 அளவில். எழுத்து வினாத்தாளை 70 புள்ளிக்கு வைத்தால் ஒரு பாடவேளைக்கு ஏறத்தாழ 4 புள்ளி. 5 பாடவேளை எடுத்த பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (தளை) பற்றிய பாடத்துக்கு 20 புள்ளி. ஒரே பாடவேளையில் முடிந்த விரதம் பற்றிய பாடத்துக்கு 4. வினா எழுதத் தொடங்கும் முன் இந்தக் கணக்கை ஒரு துண்டுத்தாளில் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

போடாவிட்டால் நடப்பது தெரிந்ததுதான். கடைசியாகக் கற்பித்த பாடம் மனத்தில் பசுமையாக இருக்கும், அதிலிருந்து பாதி வினா வரும். சித்தாந்தப் பகுதியில் வினா எழுதுவது கஷ்டம், விடை திருத்துவது அதைவிடக் கஷ்டம், அதனால் அது மெல்லக் கழன்றுவிடும். நாயன்மார் வரலாறு பெருகிப்போகும். பிள்ளைகளும் இதை இரண்டு தவணையில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

70ஐ வகை பிரிக்கும்போது நினைவுக்கு 30, விளக்கத்துக்கு 28, புதிய சூழலில் பிரயோகிப்பதற்கு 12 என்று வைத்தால் ஓரளவு சரியாக வரும். நினைவைக் கேட்பது பிழை என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய காலத்திலிருந்து வினா-விடை முறை எங்கள் சமயக் கல்வியின் முதுகெலும்பு. அவருடைய சைவ வினாவிடையைப் பாடமாக்கிய தலைமுறைகள் அதில் வளர்ந்தன. பாடமாக்க அது நல்ல கருவிதான். அதே வசனத்தைப் பரீட்சையிலும் கேட்டால், விடை ஓசையாகவே வெளியே வந்துவிடும். பொருள் உள்ளே இருக்கிறதா என்று தெரியாது. "ஆணவம் என்பது யாது?" என்பதற்கு வகுப்பில் 30 பேர் சரியாக எழுதுவார்கள். "செம்பில் களிம்பு போல என்று ஆணவத்துக்கு ஏன் உவமை சொல்கிறார்கள்? களிம்பு எப்போது செம்பில் வந்து சேர்ந்தது?" என்று கேட்டால் பேனா நின்றுவிடும். நிற்கிற இடத்தில்தான் அடுத்த பாடவேளை தொடங்க வேண்டும்.

பல்தேர்வு வினாவுக்கு வருவோம். சாதாரண தரத்தில் முதலாம் வினாத்தாள் 40 பல்தேர்வு வினாக்கள். தரம் 6, 7க்கு 20 போதும். இங்கே நடக்கும் பிழை விடையில் இருப்பது குறைவு, தெரிவுகளில்தான் அதிகம். நடராசர் திருவுருவத்தில் காத்தலைக் குறிப்பது எது என்று கேட்டுவிட்டு, அபயகரம், வேல், சங்கு, கலப்பை என்று தெரிவு கொடுத்தால், படிக்காத பிள்ளையும் படத்தை நினைத்து விடை சொல்லும். நான்கு தெரிவும் நடராசரிடமே இருக்க வேண்டும்: உடுக்கை, அபயகரம், தீ, ஊன்றிய திருவடி. இப்போது பிழையான விடையும் பேசத் தொடங்கும். ஊன்றிய திருவடியைத் தெரிவுசெய்த பிள்ளை மறைத்தலையும் காத்தலையும் குழப்பியிருக்கிறது. உடுக்கையைத் தெரிவுசெய்த பிள்ளை ஐந்தொழிலின் (படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல்) வரிசையை மட்டும் பாடமாக்கியிருக்கிறது, எது எதில் என்று பொருத்திப் பார்க்கவில்லை.

இன்னொரு பொறி, ஊர் வழக்கு. "பிள்ளையாரை எத்தனை தரம் வலம் வர வேண்டும்?" விடைக்குறிப்பில் ஒன்று என்று இருக்கும், நாவலர் சொன்னபடி. ஊர்ப் பிள்ளையார் கோயிலில் எல்லோரும் மூன்று தரம் சுற்றுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை மூன்று என்று எழுதும். அதற்குப் பிழை போட்டால் பிள்ளையின் அம்மம்மாவுக்கும் சேர்த்துப் பிழை போட்டதாகிவிடும். "பாடநூலின்படி" என்ற ஒரு சொல்லை வினாவில் சேர்த்தால் தீர்ந்தது. மட்டக்களப்புப் பக்கம் கண்ணகி அம்மன் சடங்கு, மலையகத் தோட்டங்களில் மாரியம்மன் திருவிழா, காமன் கூத்து என்று பிள்ளைகளுக்குத் தெரிந்த வழிபாடு ஆகம முறைக்கு வெளியிலும் நிறைய இருக்கிறது. "உங்கள் ஊர் விழா ஒன்றை விவரிக்க" என்று நாங்களே கேட்டுவிட்டு, கொடியேற்றம், தேர், தீர்த்தம் இல்லை என்று புள்ளி வெட்டுவது நியாயமாகாது. புள்ளியிடும் திட்டத்திலேயே ‘பிரதேச வழக்கு ஏற்கப்படும்’ என்று எழுதி வைத்துவிட வேண்டும். பிறகு கல்வி வலயத்தில் தாள்களை மாற்றித் திருத்தும்போது வேறு ஊர் ஆசிரியர் கையில் அந்தத் தாள் போனாலும் பிள்ளை தப்பும்.

ஒரு பாடல், மூன்று விதமான கேள்வி

"பாடலை நிறைவு செய்க" என்ற வினா இல்லாத சைவநெறித் தாள் இல்லை. அப்பரின் ‘மாசில் வீணையும்’ பதிகத்தின் முதற்பாடலை எடுத்துக்கொள்வோம்.

மாசில் வீணையும் மாலை மதியமும்
வீசு தென்றலும் வீங்கிள வேனிலும்
மூசு வண்டறை பொய்கையும் போன்றதே
ஈசன் எந்தை இணையடி நீழலே

நினைவு வினாவாக இதற்கு 4 புள்ளி, வரிக்கு ஒன்று. எழுத்துப் பிழைக்கு என்ன செய்வது என்பதை முதலே தீர்மானிக்காவிட்டால் ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு நீதி நடக்கும். ‘வண்டறை’யை ‘வண்டரை’ என்றும் ‘வீங்கிள’வை ‘வீங்கிழ’ என்றும் எழுதும் பிள்ளைகள் ஏராளம், காதால் கேட்டுப் பாடமாக்கியதன் விளைவு. எங்கள் பழக்கம் இது: வரியில் ஒரு எழுத்துப் பிழைக்கு வெட்டு இல்லை, வட்டம் மட்டும். இரண்டும் அதற்கு மேலும் என்றால் அரைப் புள்ளி வெட்டு. வரிகள் இடம் மாறினால் ஒரு புள்ளி வெட்டு. எழுத்தைத் தமிழ்ப் பாட ஆசிரியரும் பார்க்கிறார், எல்லாப் பாரத்தையும் சமய பாடத்தில் ஏற்ற வேண்டியதில்லை.

விளக்க வினா: "இறைவன் திருவடி நிழலுக்கு இப்பாடல் காட்டும் இன்பங்களில் காதால் உணர்வது எது, கண்ணால் உணர்வது எது, உடலால் உணர்வது எது?" வீணை காதுக்கு, மாலை மதியம் கண்ணுக்கு, தென்றல் உடலுக்கு. 3 புள்ளி. இதில் ஒரு வம்பு இருக்கிறது. வண்டு ஒலிக்கும் பொய்கையைக் காதுக்கு என்று எழுதும் பிள்ளையும் சரி, கண்ணுக்கு என்று எழுதும் பிள்ளையும் சரி, குளிர்ச்சி என்று உடலுக்கு எழுதும் பிள்ளையையும் பிழை என்று சொல்ல முடியாது. புள்ளியிடும் திட்டத்தில் மூன்றையும் ஏற்க வேண்டும். விடைக்குறிப்பைத் தாள் திருத்தத் தொடங்கும் முன் எழுதுவது வழக்கம். முதல் பத்துத் தாளை வாசித்த பிறகு ஒருமுறை திருத்தி எழுதினால்தான் அது முழுமையாகும். திருத்தியதும் அந்தப் பத்தையும் மறுபடி பார்க்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

பிரயோக வினா: "நீற்றறைக்குள் இருந்து பாடியதாகச் சொல்லப்படும் பாடலில் ஏன் குளிர்ச்சியான பொருள்களே வருகின்றன?" 4 புள்ளி. நீற்றறை என்பது சுண்ணாம்பு சுடும் சூளை. இதற்குப் பாடநூலில் விடை இல்லை. வெம்மையான இடம் என்று தொட்டால் 1, பாடலிலிருந்து குளிர்ச்சியான ஒன்றை எடுத்துக்காட்டினால் 2, இரண்டையும் இணைத்து, வெளியே வெக்கையும் உள்ளே குளிர்ச்சியும் என்ற முரணைச் சொன்னால் 3, அதை அப்பரின் நம்பிக்கையோடு தொடர்புபடுத்தினால் 4. கவனிக்க வேண்டியது: அப்பரின் நம்பிக்கையைப் பற்றித்தான் கேட்கிறோம், பிள்ளையின் நம்பிக்கையைப் பற்றிக் கேட்கவில்லை.

கதை வினாக்களிலும் இதே தரப்படுத்தலைச் செய்யலாம். கண்ணப்பர் வரலாற்றை எழுதுக என்றால் எல்லோரும் கண்ணை அப்பியதை எழுதி 8க்கு 7 வாங்கிவிடுவார்கள். "சிவகோசரியார் செய்த பூசையும் கண்ணப்பர் செய்த பூசையும் எவ்வாறு வேறுபட்டன? கதையின்படி சிவகோசரியார் என்ன அறிந்துகொண்டார்?" என்று கேட்டால் வகுப்பு பிரியும். கதையை மட்டும் சொன்னால் 3 வரை. வாயில் கொண்டுவந்த நீர், தலையில் செருகிவந்த பூ, இறைச்சி என்று ஆகம பூசையோடு நேருக்கு நேர் வைத்தால் 5 வரை. இரண்டாவது கேள்விக்குக் காரணத்தோடு விடை சொன்னால் 8. "வீதியில் பணப்பை ஒன்றைக் கண்டெடுத்தால் என்ன செய்வாய்?" போன்ற வினாக்களை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். எல்லோரும் பொலிசில் ஒப்படைப்பார்கள். எல்லோருக்கும் 5.

ஓதுதல்

35 பேர் உள்ள வகுப்பில் ஆளுக்கு 2 நிமிடம் என்றாலே 70 நிமிடம், அதாவது ஏறக்குறைய இரண்டு பாடவேளை. ஒரே நாளில் வைத்தால் கடைசி 15 பேர் முதல் 20 பேரைக் கேட்டே பாடமாக்கிவிடுவார்கள், மிச்சப் பேர் பின்வாங்கில் கதைத்துக்கொண்டிருப்பார்கள். பாடவேளையின் முதல் 10 நிமிடத்தில் 5 பேர் என்று 7 பாடவேளைக்குப் பிரித்தால் வகுப்பும் கெடாது. யார் என்றும் எந்தப் பாடல் என்றும் அன்றன்று சீட்டு எடுத்துத் தீர்க்கலாம். படிப்பித்த மூன்று பாடலில் ஒன்று.

10 புள்ளியில், வரி விடுபடாமை 4, உச்சரிப்பு 3 (ல, ள, ழவும் ர, றவும்தான் முக்கியம்), சீர் பிரித்து நிறுத்துதல் 2, திருச்சிற்றம்பலம் சொல்லித் தொடங்கி அதையே சொல்லி முடித்தல் 1. குரலுக்குப் புள்ளி இல்லை. பண்ணுக்கும் இல்லை. இதைச் சொன்னால் பண்ணிசைப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் ஆசிரியர்களுக்குக் கோபம் வரும். ஆனால் வகுப்பறையில் குரலுக்குப் புள்ளி போடத் தொடங்கினால், சங்கீத வகுப்புக்குப் போக வசதியுள்ள பிள்ளை சைவநெறியிலும் முன்னுக்கு வரும். போட்டிக்குத் தனிப் பட்டியல் வைத்துக்கொள்ளலாம்.

தரம் 8, 9 ஆண்பிள்ளைகளுக்குக் குரல் உடையும் பருவம். முன்னால் வந்து நிற்கச் சொன்னால் தெரிந்ததும் தெரியாது என்பார்கள். மேசைக்குப் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னால் போதும். திக்கிப் பேசும் பிள்ளைக்கு நேரக் கட்டுப்பாடு வேண்டாம். விரும்பினால் எழுதிக் காட்டட்டும், உச்சரிப்புக்குரிய 3ஐப் பதம் பிரித்து எழுதுவதற்குக் கொடுக்கலாம்.

கோயில் வெளிக்களமும் றெஜிபோம் (வெண்ணுரை அட்டை) கோபுரமும்

வகுப்போடு கோயிலுக்குப் போய் அமைப்பைப் பார்த்து வரைவது நல்ல செயற்பாடு. கர்ப்பக்கிருகம், அர்த்தமண்டபம், மகாமண்டபம், நந்தி, பலிபீடம், கொடித்தம்பம், கோபுரம் என்று உள்ளிருந்து வெளியே ஒழுங்காகப் பெயரிட்டால் 10 புள்ளியில் 7. ஒவ்வொன்றும் எதற்கு என்று மூன்றுக்காவது சொன்னால் மிச்சம் 3.

சிக்கல் அன்று வராத பிள்ளைகளிடம் இருக்கிறது. வீட்டில் ஒரு சாவு நடந்திருந்தால் துடக்கு (தீட்டு). யாழ்ப்பாணத்தில் பல குடும்பங்களில் 31ஆம் நாள் அந்தியேட்டி முடியும் வரை கோயில் வாசலை மிதிக்க மாட்டார்கள். பெண்பிள்ளைகள் சிலர் அன்று வர முடியாத நாளாக இருக்கும், அதை ஆசிரியரிடம் சொல்லவும் மாட்டார்கள். இவர்களுக்குச் செயற்பாட்டுப் புள்ளி 0 என்று விழுந்தால், சமய ஒழுக்கத்தைக் கடைப்பிடித்ததற்காகவே சமய பாடத்தில் தண்டனை. அதனால் வெளிக்களச் செயற்பாடு அறிவிக்கும்போதே மாற்றுச் செயற்பாட்டையும் கூடவே அறிவித்துவிட வேண்டும்: படத்தைப் பார்த்து அதே வரைபடம், அதே 10 புள்ளி. எது என்று பிள்ளை தெரிவுசெய்யும். காரணம் கேட்கக் கூடாது, கடிதமும் கேட்கக் கூடாது.

வீட்டில் செய்துவரும் ஒப்படையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. றெஜிபோமில் வெட்டி வர்ணம் அடித்த கோபுரம் ஒன்று வரும், அப்பாவின் இரண்டு இரவு வேலை என்று பார்த்தவுடன் தெரியும். கடையில் செய்வித்ததும் வரும். பக்கத்தில் பிஸ்கட் பெட்டி மட்டையில் வெட்டிய கோணல் கோபுரம் ஒன்று இருக்கும். உருவத்துக்கு 2 புள்ளி, அதை வைத்துக் கேட்கும் நான்கு வாய்மொழி வினாவுக்கு 8 என்று முதல் நாளே சொல்லிவிட்டால், அடுத்த தவணை றெஜிபோம் குறையும். 3 நிமிடக் கேள்வியில் மட்டைக் கோபுரம் வென்றுவிடுவது சாதாரணமாக நடக்கும்.

62உம் 62உம்

எழுத்து 70, ஓதுதல் 10, செயற்பாடு 20 என்று கூட்டி 100 ஆக்குகிறோம் என்று வைப்போம். ஒரு பிள்ளைக்கு 33, 10, 19. கூட்டினால் 62. இன்னொரு பிள்ளைக்கு 52, 2, 8. அதுவும் 62. அறிக்கையில் இருவருக்கும் ஒரே எண், இருவருக்கும் ‘சி’. ஆனால் சாதாரண தரத்தில் இருப்பது எழுத்துத் தாள் மட்டும். முதல் பிள்ளையின் எழுத்து நூற்றுக்கு 47, அது ‘எஸ்’ (சாதாரண சித்தி). இரண்டாவது பிள்ளையினது 74, இன்னும் ஒரு புள்ளி இருந்தால் ‘ஏ’. முதல் பிள்ளையின் பெற்றார் பதினோராம் தரத்தில் பெறுபேறு வரும்வரை இதை அறிய மாட்டார்கள்.

ஆகவே கூட்டுத்தொகையைக் கொடுக்கத்தான் வேண்டும் என்றால் கொடுப்போம், அதன் அருகில் மூன்று எண்ணையும் சிறிதாக எழுதிவிடுவோம். அறிக்கைப் புத்தகத்தில் இடம் இல்லை என்றால் குறிப்புக் கூட்டில் ‘எழுத்து 33/70’ என்று ஒரு வரி. இதற்கு யாரிடமும் அனுமதி வாங்கத் தேவையில்லை.

நிலை போடும் பாடசாலைகளில் இன்னொரு வில்லங்கம். ஒரே வகுப்பில் சைவ, கத்தோலிக்க, இஸ்லாமியப் பிள்ளைகள் இருப்பார்கள். மூன்று ஆசிரியர், மூன்று வினாத்தாள். ஒருவர் கை தாராளம், ஒருவர் கை இறுக்கம். இந்த மூன்று புள்ளியையும் ஒரே நிரலில் கூட்டி முதலாம், இரண்டாம் பிள்ளை என்று பிரிக்கும்போது, வினாத்தாளின் இலகுதான் நிலையைத் தீர்மானிக்கிறது. வகுப்பின் அதிகூடிய புள்ளி என்ற நிரலில் சமயத்துக்கு மட்டும் ஒவ்வொரு சமயத்துக்கும் ஒவ்வொரு எண் வர வேண்டும். கத்தோலிக்கப் பிள்ளையின் அறிக்கையில் சைவநெறியின் 96ஐ எழுதிவிடுவது வகுப்பாசிரியர்கள் அவசரத்தில் செய்யும் வழக்கமான தவறு. சமய ஆசிரியர்கள் ஆளுக்கு 5 விடைத்தாளை மாற்றிப் பார்த்து, திருத்தும் கை எவ்வளவு இறுக்கம் என்று ஒப்பிட்டுக்கொண்டால் பாதி வித்தியாசம் குறையும். பாட அறிவு தேவையில்லை, புள்ளியிடும் திட்டம் பக்கத்தில் இருந்தால் போதும்.

தன் சமயத்துக்கு ஆசிரியர் இல்லாத பாடசாலையில் படிக்கும் பிள்ளையும் உண்டு. சமய பாடவேளையில் நூலகத்தில் இருந்துவிட்டு வரும். அந்தக் கூடு 0 ஆகக் கூடாது, கோடு இழுத்து ‘கற்பிக்கப்படவில்லை’ என்று எழுத வேண்டும். சராசரியை அந்தப் பாடத்தை நீக்கிப் பிரிக்க வேண்டும். கணினியில் புள்ளி ஏற்றும்போது வெற்றிடத்தைப் பூச்சியமாக எண்ணும் விரிதாள்கள் இருக்கின்றன. ஒரு பிள்ளையின் சராசரியைக் கையால் கூட்டிப் பார்த்தால் உடனே பிடிபடும். பரீட்சைக்கு வராத பிள்ளைக்கும் ‘வரவில்லை’ என்ற சொல்தான், பூச்சியம் அல்ல.

அறிக்கையில் எழுதும் இரண்டு வரி

"நன்று." "முயற்சி தேவை." "பக்தியுள்ள பிள்ளை." "ஒழுக்கத்தில் கவனம் தேவை." இந்த நாலுக்குள் எங்கள் குறிப்புகள் முக்கால்வாசி அடங்கிவிடும். முதல் இரண்டும் ஒன்றும் சொல்வதில்லை. பின் இரண்டும் சொல்லக் கூடாததைச் சொல்கின்றன. கணிதத்தில் 40 எடுத்தால் பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை என்று வீட்டில் நினைப்பார்கள். சமயத்தில் 40 எடுத்தால் பிள்ளையே சரியில்லை என்று நினைப்பார்கள். குறிப்பு எழுதும் கை அதை மறக்கக்கூடாது.

ஒரு வரி இப்போது முடிவதைச் சொல்ல வேண்டும், மறு வரி அடுத்ததாகச் செய்ய வேண்டியதை.

"நால்வர் வரலாற்றைத் தெளிவாக எழுதுகிறார். சரியை, கிரியை, யோகம், ஞானம் ஆகியவற்றுக்கு உதாரணம் காட்டப் பழக வேண்டும்."

"பஞ்சபுராணம் பிழையின்றி ஓதுகிறார். பாடலின் பொருளைத் தன் சொல்லில் எழுதும் பயிற்சி தேவை. வாரம் ஒரு பாடல் போதும்."

"பல்தேர்வில் நல்ல புள்ளி. கட்டமைப்பு வினாக்களில் ‘விளக்குக’ என்ற இடத்தில் பெயர்களை மட்டும் எழுதி நிறுத்துகிறார்."

வாரத்துக்கு 2 பாடவேளைதான் என்பதால் சமய ஆசிரியருக்கு வகுப்புகள் அதிகம். 5 வகுப்பு, 175 பிள்ளை என்றால் ஒவ்வொருவருக்கும் புதிதாக எழுத யாராலும் முடியாது. தாள் திருத்தும்போதே அடிக்கடி வரும் பிழைகளைக் கோடு போட்டு எண்ணிக்கொண்டு வந்தால், முடிவில் எட்டோ பத்தோ வகைதான் மிஞ்சும். அந்தப் பத்துக்கும் வசனம் எழுதி வைத்து, பிள்ளைக்குப் பொருந்துவதை எடுத்துச் சேர்க்கலாம். ஒரே வீட்டு அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே வசனம் போகாமல் பார்த்துக்கொண்டால் நல்லது, பெற்றார் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் வாசிப்பார்கள்.

பெற்றார் சந்திப்பில் எதிர்பார்க்க வேண்டிய கேள்வி இது: "ரீச்சர், எங்கட பிள்ளை கோயில்ல தேவாரம் பாடுறவள். எழுத்துத் தாளில எப்பிடி 47?" விடைத்தாள் கையில் இல்லாமல் இதற்குப் பதில் சொல்லப் போகக் கூடாது. ஓதுதலில் 10க்கு 10 என்பதை முதலில் காட்டி, பிறகு தாளைத் திறந்து, பாடலை முழுதாக எழுதிவிட்டுப் பொருள் கேட்ட இடத்தை வெறுமையாக விட்டிருப்பதைக் காட்டினால் சண்டை பாதியில் நின்றுவிடும். "சமயம்தானே, அது பார்த்துக்கொள்ளலாம்" என்று வரும் பெற்றாருக்கும் அதே தாள்தான் மருந்து.

கேட்டாலும் சொல்லக் கூடாத சில உண்டு. பிள்ளை யாரோடு எந்தப் பிரார்த்தனைக் கூட்டத்துக்குப் போகிறது, நெற்றியில் திருநீறு இருந்ததா, வீட்டில் சாமி கும்பிடுகிறதா என்பவை கற்றல் அறிக்கைக்குள் வருவனவல்ல. பிள்ளையின் சமயம் எது என்பதே குடும்பத்துக்குள் தீராத விடயமாக இருக்கும் வீடுகள் இருக்கின்றன. அங்கே ஆசிரியரின் ஒரு வரி எந்தப் பக்கம் ஆயுதமாகும் என்று சொல்ல முடியாது.

விடைத்தாளை ஒரு வாரத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்கும் முன் பல்தேர்வு வினா ஒவ்வொன்றுக்கும் எத்தனை பேர் சரி என்று எண்ணிக்கொள்ளலாம், 35 தாளுக்கு அரை மணித்தியாலம் பிடிக்கும். 10 பேருக்குக் குறைவாகச் சரி என்றால் பிள்ளைகளைத் திட்டும் முன் வினாவைத் திரும்ப வாசிக்க வேண்டும். கூடிய புள்ளி எடுத்த பத்துப் பேர் பிழைவிட்டு, குறைந்த புள்ளி எடுத்த பத்துப் பேர் சரியாகச் செய்திருந்தால் வினாவிலோ விடைக்குறிப்பிலோ பிழை இருக்கிறது. அந்தப் புள்ளியை எல்லோருக்கும் கொடுத்துவிடலாம். அதிகம் பிழைத்த மூன்று இடத்துக்கு மட்டும் ஒரு பாடவேளை ஒதுக்கி மீளக் கற்பித்தால் அடுத்த தவணை வித்தியாசம் தெரியும்.

தரம் 11இல் பரீட்சை விண்ணப்பம் நிரப்பும் நாளில் சமய ஆசிரியரும் பக்கத்தில் இருக்க வேண்டும். கத்தோலிக்க திருமறையும் கிறிஸ்தவமும் வேறு வேறு பாடம், வேறு வேறு குறியீட்டெண். ‘வேதக்காரப் பிள்ளை’ என்று பொதுவாக நினைத்துக்கொண்டு ஒன்றுக்கு மற்றதை எழுதினால், படிக்காத பாடத்தின் வினாத்தாள்தான் மண்டபத்தில் அந்தப் பிள்ளையின் மேசைக்கு வரும்.

கடைசியாக, அந்தப் பிழை எண்ணிய தாளையும் திருத்தி எழுதிய புள்ளியிடும் திட்டத்தையும் குப்பையில் போடாமல் புள்ளிப் பதிவேட்டுக்குள் வைத்துவிடுங்கள். இடமாற்றத்தில் நீங்கள் போய், சனவரியில் புதிதாக வருபவர் அந்தப் பதிவேட்டைத் திறக்கும்போது, 9ஆம் தரத்தில் 35 பேரில் 24 பேர் காத்தலையும் மறைத்தலையும் குழப்பினார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.